டயரில் காற்று சரியா? – பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க



காலை வேளையில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் வாயிலில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சிலர், அம்மா ஓட்டும் மகிழுந்தில் சிலர், பள்ளி வேனில் பலர் என்று பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். தலைக்கவசம் அணிந்திருக்கிறார்களா, இருக்கை வாரைப் பூட்டியிருக்கிறார்களா என்று இப்போதெல்லாம் நாம் ஓரளவு கவனிக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால், அந்தப் பிள்ளைகளைச் சுமந்து வந்த டயர்களில் காற்று போதிய அளவு இருக்கிறதா என்று கேட்பவரைக் காண்பது அரிது. இக்கட்டுரை அந்தக் காற்றைப் பற்றியது.

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். ஆசிரியர் அல்லவா, கணக்கில்லாமல் எப்படி?

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். நான்கு டயர்களும் சமமாகச் சுமந்தால் ஒவ்வொன்றுக்கும் 300 கிலோகிராம். டயரில் உள்ள காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல் எனில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.24 கிலோகிராம் எடையை அந்தக் காற்று தாங்கும். 300ஐ 2.24ஆல் வகுத்தால் தோராயமாக 134 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு பெரியவரின் கையளவுதான் அது! அந்த நான்கு கையளவு இடங்கள்தாம் வண்டியைச் சாலையோடு பிணைத்து வைத்திருக்கின்றன. பிரேக்கை மிதிப்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த இடங்களின் உதவியால்தான்.

இக்கணக்கில் இன்னோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். ரப்பரும் நூலிழைகளும் கம்பிகளும் அக்காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. காற்று குறைந்தால் தாங்கும் வலிமையும் குறைகிறது.

காற்றடைத்த டயர் பிறந்த கதையும் ஒரு பிள்ளையின் கதைதான். இராபர்ட் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இத்தகைய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது அப்போது பரவவில்லை. பின்னர், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கரடுமுரடான பாதையில் குலுங்காமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தார். 1888இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1877இல், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து வளர்ந்த ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து கோலகங்சாரிலும் நடப்பட்டிருந்தன. மகிழுந்துகளின் டயருக்கு உலகம் ரப்பரைத் தேடத் தொடங்கியபோது இம்மண்ணில் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் யார்? நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும்தான். உலகத்தின் டயர்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். நம் வண்டியின் டயரைப் பற்றி நமக்கே தெரியாமல் இருப்பது பொருந்துமா?

காற்று குறைந்தால் என்ன நேரும்?

முதலாவது, வெப்பம். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர், சக்கரம் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைத்த இடம் சூடாகும் அல்லவா? அதுபோலவே டயரும் சூடேறுகிறது. அச்சூட்டில் உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். நெடுஞ்சாலையில், வெயிலில், பாரத்தோடு, வேகமாக ஓடும்போது ஒரு நொடியில் டயர் கிழிந்து சிதறும். பெருநாள் காலங்களில் ஊருக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் கறுப்புக் கறுப்பாய்க் கிடக்கும் டயர்த் துண்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, மழை. நம் நாட்டுப் பிற்பகல் மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் டயர் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கும். அப்போது சுக்கானைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் 1960களில் விமான டயர்களை ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டனர். அவர்களின் வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், 220 கிலோபாஸ்கல் உள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். அதே டயரில் 140 கிலோபாஸ்கல்தான் இருந்தால் 75 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். மகிழுந்துக்கு இது தோராயக் கணக்குதான்; டயரின் தேய்மானமும் நீரின் ஆழமும் அதை மாற்றும். எனினும், நாம் 'மெதுவாகத்தானே போகிறோம்' என்று நினைக்கும் வேகமே ஆபத்தான வேகமாகிவிடக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, செலவு. காற்று குறைந்த டயரின் இரு ஓரங்களும் விரைவில் தேயும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். ஆனால், ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு டயர்களிலும் 7 கிலோபாஸ்கல் குறைந்தால் எரிபொருள் செலவு ஏறக்குறைய 0.2 விழுக்காடுதான் கூடுகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மிச்சப்படும் பணம் சிறிது. பணத்துக்காகக் காற்றைச் சோதிப்பவர் நான்கு மாதத்தில் சலித்துப்போவார். உயிருக்காகச் சோதிப்பவர்தான் தொடர்ந்து செய்வார்.

அமெரிக்காவே இப்பாடத்தை வலியோடுதான் கற்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பல மில்லியன் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேலடுக்கு பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருந்தனர். தயாரிப்புக் குறை, வெயில், வேகம், பாரம், குறைந்த காற்றழுத்தம் ஆகிய எல்லாமே அப்போது விவாதிக்கப்பட்டன. அவ்வாண்டே அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய மகிழுந்துகள் யாவற்றிலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது. ஆனால் அவ்விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 விழுக்காடு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். அதாவது 220 இருக்கவேண்டிய டயர் 165க்கு இறங்கிய பிறகுதான் அந்த விளக்கு வாய் திறக்கும். விளக்கு உள்ள வண்டி வைத்திருப்போரும் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

இனி, எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட அளந்து பார்ப்பது மேல் என்று ஒரு நாள் காற்றழுத்தமானி ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். மாணவர்கள் முதலில் என் மகிழுந்தை அளந்தார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டப்பட்ட தாளில் உள்ள எண்ணைப் படித்து, நான்கு டயர்களையும் அளந்து அட்டவணையில் எழுதினார்கள். அடுத்து, காலை ஓட்டம் முடிந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் மர நிழலில் நின்றிருந்த பள்ளி வேன். வேன் ஓட்டும் அண்ணனிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தேன்.

"தாராளமா பாருங்க டீச்சர். இருபது வருசமா ஓட்டுறேன், டயரைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் பொறுப்பற்றவர் அல்லர். நாள்தோறும் வேனைக் கழுவுவார். பிள்ளைகள் இறங்கிச் சாலையைக் கடக்கும்வரை வண்டியை நகர்த்தமாட்டார். பெற்றோர் வரத் தாமதமானால் பிள்ளையோடு காத்திருப்பார்.

தாளில் பின் டயருக்கு 300 என்று இருந்தது. வலப்புறம் 270. இடப்புறம் அளந்த மாணவி தயங்கினாள். இன்னொரு முறை அளந்தாள். "அங்கிள், நூற்று எண்பதுதான் காட்டுது" என்றாள்.

அண்ணனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கீழே குனிந்து அந்த டயரைப் பார்த்தார். வலப்புற டயரையும் போய்ப் பார்த்தார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. பிறகு என் அருகில் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "டீச்சர், காலையில இந்த வண்டியிலதான் பதினாலு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வந்தேன்."

நான் மாணவர்கள் பக்கம் திரும்பி, "கண்ணால் பார்த்து இரண்டில் எது குறைவு என்று சொல்ல முடிந்ததா?" என்று கேட்டேன். ஒருவராலும் முடியவில்லை. "இருபது ஆண்டு ஓட்டியவராலும் முடியாது. அதனால்தான் கருவி" என்றேன். அன்றைய பாடம் அதுதான். ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று.

கண்ணால் ஏன் முடிவதில்லை? பழைய காலத்து டயர்களின் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும். காற்று குறைந்தால் வேறுபாடு தெரியும். காலால் உதைத்துப் பார்த்தும் சொல்லலாம். இன்று நாம் பயன்படுத்துபவை பெரும்பாலும் ரேடியல் டயர்கள். மிச்செலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற வகை இது. இதன் பக்கச் சுவர் இயல்பிலேயே நெகிழ்ந்து, காற்று நிறைந்திருக்கும்போதே சற்றுப் பிதுங்கித் தெரியும். ஆகவே, காற்று வெகுவாகக் குறைந்த பிறகே கண்ணுக்குப் புலப்படும். அண்ணனுடைய அனுபவம் பொய்யன்று, டயர்தான் மாறிவிட்டது.

மறுநாளே டயர் கடைக்குப் போய்ப் பார்த்தபோது, காற்று வால்வின் அடியில் ரப்பர் வெடித்துக் காற்று கசிந்துகொண்டிருந்ததாம். சிறு செலவில் மாற்றிவிட்டார். அத்தோடு, மாணவர்கள் வரைந்த அட்டவணை ஒன்றை வாங்கிப்போய் வேனுக்குள் தொங்கவிட்டார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்தால் பிள்ளைகளே, "அங்கிள், காற்றுப் பார்த்தாச்சா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. "பிள்ளைகளை வைத்து வேன்காரரைச் சோதிப்பதா?" என்று ஒரு தந்தை வருத்தப்பட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. உழைத்து உண்பவரின் மானம் பெரிது. ஆனால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இப்பேச்சு எழுந்தபோது அண்ணனே எழுந்து, "என்னை யாரும் அவமானப்படுத்தலை. நாலு டயரும் புதுசா மாத்த எவ்வளவு ஆகும்னு உங்களுக்குத் தெரியும். மாசக் கட்டணத்துல அஞ்சு வெள்ளி குறைக்கச் சொல்லிக் கேட்கிறவங்க, டயரைப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றார். மண்டபம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. கட்டணம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் அன்று முதல் சில பெற்றோர் வேன் நிற்கும்போது டயரையும் ஒரு பார்வை பார்க்கிறார்கள். அட்டவணையில் இம்மாத எண் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் கேட்கிறார்கள்.

பெற்றோரே, புதிய டயருக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. காற்றுக்கு வேண்டியது பத்து நிமிடம் மட்டுமே. நம் நாட்டில் பெரும்பாலான பெட்ரோல் நிலையங்களில் காற்று இலவசம். செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

சரியான எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். மகிழுந்து, வேன் ஆகியவற்றில் ஓட்டுநர் கதவுத் தூணிலோ கதவின் உட்புறத்திலோ அது ஒட்டப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் சங்கிலி உறையருகிலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண் வேறு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அந்த அளவுக்கு நிரப்பினால் டயர் நடுவில் மட்டும் சாலையைத் தொடும், பிடிமானம் குறையும். காற்று குறைவதும் கேடு, மிகுவதும் கேடு.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்திடுங்கள். மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியாக இருக்கட்டும். அல்லது வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையத்துக்குக் காலையிலேயே செல்லுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடுதலாகக் காட்டும். நீண்ட பயணத்தின் நடுவே அளந்து, 'அதிகமாக இருக்கிறதே' என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். ஆறிய பிறகு அது குறைந்துபோகும்.

மாதம் ஒரு முறை பாருங்கள். ஓட்டையே இல்லாத டயரிலிருந்தும் மாதந்தோறும் 7 முதல் 14 கிலோபாஸ்கல் வரை காற்று தானாகவே குறையும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுமுன் கட்டாயம் பாருங்கள். மாற்றுச் சக்கரத்தையும் மறவாதீர்கள். ஒரே டயர் மட்டும் மீண்டும் மீண்டும் குறைந்தால் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கும். டயர் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பாரத்துக்கேற்ப நிரப்புங்கள். பல வண்டிகளின் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஓரிருவர் செல்லும்போது ஒன்று. ஆட்களும் பைகளும் நிறைந்திருக்கும்போது மற்றொன்று. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறினால் வண்டியின் அச்சு தாங்காது என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லிவைத்தார். பள்ளி வேனில் ஏறுவது மயிலிறகன்று. புத்தகப் பை சுமந்த பிள்ளைகள்.

நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே வேண்டாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதை நிரப்பினாலும் ஆணி குத்தினால் இறங்கத்தான் செய்யும். எதை நிரப்பினாலும் அளந்து பார்ப்பதை விடக் கூடாது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். 'அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையைப் பள்ளிக்கும் வகுப்புக்கும் ஏற்றிச் செல்வது பல வீடுகளில் இன்று நாம்தான். பெட்ரோல் நிலையக் கருவியில் எண்ணை அமைத்து, குழாயை வால்வில் பொருத்தினால் போதும். வேண்டிய அளவு நிரம்பியதும் ஒலியெழுப்பி நின்றுவிடும். தோசைக்கு மாவரைப்பதைவிடக் கடினமான வேலையன்று!

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழுத்தம், அளவை, அட்டவணை, சராசரி என்று நாம் தனித்தனியே நடத்தும் பாடங்கள் யாவும் பள்ளி வாயிலில் நிற்கும் ஒரு வண்டியில் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரு காற்றழுத்தமானியின் விலையும் பெரிதன்று. ஓட்டுநரிடம் முன்பே சொல்லி, அவர் மனம் நோகாதபடி செய்யுங்கள். மாணவர்கள் வீட்டுக்குப் போய் அப்பாவின் மோட்டார் சைக்கிளையும் அளக்கட்டும். நாம் பத்து முறை சுற்றறிக்கை அனுப்பியும் நடக்காதது, பிள்ளை ஒரு முறை கேட்டால் நடந்துவிடும்.

இவ்வாரம் ஒரு காலைப் பொழுதில், வண்டியைக் கிளப்புமுன் கதவைத் திறந்து அந்தத் தாளில் உள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள். அடுத்துச் செல்லவேண்டிய இடம் அருகிலுள்ள பெட்ரோல் நிலையம்தான்.